மூன்று ரூபாய்க் கனத்தில் ஒரு பன்னாட்டு உறவு

வளரும் அண்டை நாடுகளின் பொருளாதார ஒருங்கிணைப்பு பற்றியும், அந்த நாடுகளில் ஒரு புதுமை எப்படி எல்லை தாண்டுகிறது என்பது பற்றியும் இருபத்தாறு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதற்காக நான் எந்த எல்லையையும் தாண்டவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் பாஸ்போர்ட் பல வருடங்களாக பீரோவில் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு முத்திரைகூடப் படாமல் அந்துருண்டை வாசனையோடு கிடக்கிறது.

கட்டுரையில் அம்புக்குறிகள் நிறைந்த வரைபடங்கள் இருந்தன. நடுவில் ஒரு பத்தியில், ‘கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில், மரவள்ளி சீவும் இயந்திரம் ஒன்று ஒரு மாநிலத்தில் வடிவமைக்கப்பட்டு, இன்னொரு மாநிலத்தில் கடையப்பட்டு, மீண்டும் முதல் மாநிலத்தில் பொருத்தப்படுவதைக் கள ஆய்வில் கண்டோம்’ என்று எழுதியிருந்தேன். கள ஆய்வு நடந்த இடம் ஒரு ரயில் பெட்டி. எதிர் இருக்கையில் இருந்த பாறசாலைக்காரர் ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னதுதான் அது. ‘கண்டோம்’ என்ற பன்மையில் என்னோடு இருந்தது யார் என்று எனக்கே தெரியாது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் நான். இப்படிப்பட்ட கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எங்கள் துறையே நடக்கிறது. ஆனால் காத்மாண்டுவில் ஒருவர் படித்துவிட்டார். பேராசிரியை சரிதா. ‘உங்கள் கட்டுரையில் உயிருள்ள பத்தி அது ஒன்றுதான். அடுத்த மாதம் திருவனந்தபுரம் வருகிறேன். அந்த இயந்திரத்தைக் காட்ட முடியுமா?’ என்று எழுதியிருந்தார். மகிழ்ச்சியோடு காட்டுகிறேன் என்று பதில் போட்டுவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அப்படித்தான் நான் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போனேன். அதாவது, பாறசாலைக்கு.

முதல் நாள் நெய்யாற்றின்கரையில் காலைப் பலகாரம். சரிதா மேடம் ஐம்பது வயதுக்காரர். சிறிய உருவம், பெரிய கைப்பை, சோர்வே இல்லாத கால்கள். கடைக்காரர் வேகவைத்த மரச்சீனியையும் மீன்குழம்பையும் கொண்டுவந்து வைத்தார். மரவள்ளிக்கு அந்தப் பக்கத்தில் மரச்சீனி என்று பெயர். மேடம் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “இது எங்கள் தருல் அல்லவா, தை மாதச் சங்கராந்திக்கு அவித்துத் தின்போமே” என்றார். இமயமலைக்கும் நெய்யாற்றுக்கும் இடையில் இருந்த தூரம் ஒரு கிழங்கில் கரைந்தது. குழம்பின் காரத்தில் அது மறுபடி உண்டானது. எலுமிச்சைச் சாறு கேட்டேன். “போஞ்சியா?” என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் கொண்டுவந்தார். நான் மலையாளத்தில் நன்றி சொன்னேன். “சாரு தமிழே பேசுங்க. எங்களுக்கு வெளங்கும்” என்றார் அவர்.

இயந்திரத்தை எங்கே தேடுவது என்று தெரியாமல் நான் வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர் பெயர் வில்சன். நாற்பது வயது இருக்கும்.

“மரச்சீனி சீவுத மெஷினா? அது நம்ம லீலாக்காளுக்கதாக்கும். கேறுங்க.”

இருபத்தாறு பக்கம் எழுதிய எனக்கு இல்லாத தகவல் அவருக்கு மூன்று நொடியில் கிடைத்தது. மேடம் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

செங்கல் என்ற ஊரின் கோயிலுக்குப் போகிற வண்டிகளுக்கு ஒதுங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தோம். லீலாபாய் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து, சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட்டிருக்கிறார். பட்டறைக்குப் பின்சுவர் ஒரு பழைய மிஷன் சபையின் முன்சுவர். நாங்கள் போனபோது இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மோட்டார் இருந்தது, கிழங்கு போடுகிற கூம்பு இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய வட்டத்தகடு இல்லை.

“டிஸ்க் வரணும் சாரே. அது இல்லைன்னா இது வெறும் சட்டியாக்கும்” என்றார். விஷயம் என்னவென்று கேட்டபோது ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார். பெருங்கடவிளையில் பெண்கள் சங்கம் ஒன்று வாட்டுக்கப்பை போடுகிறது. மரச்சீனியைச் சீவி, கொதிநீரில் வாட்டி, வெயிலில் உலர்த்திவைக்கிற பண்டம் அது. சங்கத்துக்கு அரசு உதவியில் இயந்திரம் வாங்கப்போகிறார்கள். ஒரு பெரிய கம்பெனி தன் இயந்திரத்தைப் படம் போட்ட புத்தகத்தோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. லீலாவுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. நாளை மறுநாள் காலை அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் இந்தப் பருவத்துக்கு அவருடைய இயந்திரம். தேறாவிட்டால்?

“ரோலர் ரிப்பேருக்குத் திரும்பிப் போவேன். மூணு வருஷம் இதுக்குப் பொறத்தயே நடந்தாச்சு. வீட்டுல உள்ளவியளுக்கு இனிப் பொறுமை இல்ல.”

சுவரில் ஓர் ஆணியில், நூலால் கட்டிய மூன்று ஒரு ரூபாய் நாணயங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்து நான் அதற்கு மரியாதையாகச் சிறிது தலைகூடத் தாழ்த்தினேன்.

டிஸ்க்கை எல்லைக்கு அந்தப்புறம் படந்தாலுமூட்டில் தங்கையன் என்பவர் லேத்தில் கடைந்து வைத்திருந்தார். அதை எடுத்துவர லீலாவுக்கு நேரமில்லை. எல்லை தாண்டும் பொருளாதாரத்தில் நேரடியாகப் பங்கேற்க வாய்ப்பு வந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் கொண்டுவருகிறேன் என்றேன். ஒருவரும் கேட்காமலே சொன்னேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் வில்சன் எங்களை இஞ்சிவிளை வரை கொண்டுவந்து நிறுத்தினார். “நமக்குப் பெர்மிட்டு இம்புட்டுதான்.”

எதிர்ப்பக்கம் நின்ற தமிழ்நாட்டு ஆட்டோக்காரர் சத்தமாகக் கேட்டார். “எலே வில்சா, வெளிநாட்டுக்காரியக் கூட்டிட்டு வந்து நடுரோட்டுல எறக்கி விடுதியா?”

“நான் அங்கோட்டு வந்தா ஒங்க ஊரு போலீசு என்னையாக்கும் எறக்கி விடும். நீ பேசாம மேடத்தக் கேத்து.”

மேடத்துக்கு மொழிபெயர்த்தேன். அவர் நேப்பாள எல்லை ஊரான பீர்கஞ்சில் பிறந்து வளர்ந்தவர். தெரு முனையில் இந்தியா. அங்கே இரண்டு நாடுகளுக்கு நடுவே குதிரை வண்டி தாராளமாகப் போகும், வரும். இங்கே ஒரே நாட்டுக்குள் ஆட்டோ நிற்கிறது. “குதிரைக்குப் பெர்மிட் கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது” என்றார்.

தங்கையனுக்கு அறுபது வயது. பேச்சில் சிக்கனம். டிஸ்க்கைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். இரண்டு பிளேடுகள். பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் சீவலின் கனம். எவ்வளவு என்று மேடம் கேட்கச் சொன்னார்.

“மூணு ரூவா” என்றார் தங்கையன். சட்டைப்பையிலிருந்து மூன்று ஒரு ரூபாய்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இடைவெளியில் நுழைத்தார். கச்சிதமாக நின்றது. “லீலா போன்ல சொன்ன கணக்காக்கும். மில்லிமீட்டரு பேசினா அவளுக்க ஸ்கேலும் எனக்க ஸ்கேலும் சண்டை போடும். காசு சண்டை போடாது.”

எனக்குப் புல்லரித்தது. தர அளவுகளை ஒத்திசைப்பது எப்படி என்று என் கட்டுரையில் நான்கு பக்கம் அழுதிருந்தேன். இந்த மனிதர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதில் ஒரு பெருமிதம் வேறு.

அந்தப் பெருமிதத்தோடுதான் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளை பஸ் நிலையத்துக்கு வந்தேன். சாக்கில் கட்டிய டிஸ்க் ஆட்டுக்கல் கனம் கனத்தது. மேடம் நேந்திரங்காய் வறுவல் பொரிப்பதைப் பார்க்க ஒரு கடை முன் நின்றுவிட்டார். நான் போய் இடம் பிடிக்கிறேன் என்று சொல்லி, திருவனந்தபுரத்தைப் பார்த்து நின்ற ஒரு பஸ்ஸில் ஏறினேன். பஸ் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும் என்பது திருச்சிக்காரனின் நம்பிக்கை. அந்த பஸ் புறப்பட்டு, நிலையத்துக்குள்ளேயே ஒரு வட்டம் அடித்து, நிம்மதியாக எதிர்த்திசையில் மார்த்தாண்டத்தை நோக்கி ஓடத் தொடங்கியது.

“பாறசாலைக்கு ஒரு டிக்கெட்” என்றேன்.

கண்டக்டர் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “பாறசாலை பொறத்த கெடக்கு சாரே. சாக்குல என்ன?”

“மரச்சீனி சீவுகிற மெஷினின் டிஸ்க். கேரளத்துக்குக் கொண்டுபோகிறேன்.”

“அப்போ நல்லாத்தான் கொண்டு போறிய.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம் என்றால் நெரிசலில் சாக்கைக் கதவுப்பக்கம் நகர்த்துவதற்குள் மார்த்தாண்டமே வந்துவிட்டது. அங்கே ஒரு கல்யாண ஊர்வலம் சாலையை எடுத்துக்கொண்டிருந்தது. எல்லையைத் தாண்ட வேண்டிய பொருளை வந்த வழியே ஏற்றுமதி செய்துவிட்டு, ஒரு பழக்கடை நிழலில் நின்று எனக்குத் தெரிந்த ஒருங்கிணைப்புக் கோட்பாடுகளை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு வழி இல்லை.

லீலாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். மேடம் எப்போதோ எல்லையை நடந்தே தாண்டி, வில்சனைத் தேடிப் பிடித்து, அங்கே வந்து உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லீலா சாக்கை வாங்கிப் பிரித்து, டிஸ்க்கை மாட்டி முடுக்கினார். ஸ்விட்சில் கை வைத்தபோது பின்சுவருக்கு அப்பால் பாட்டு எழுந்தது.

“ஜெபக்கூட்டம் தொடங்கியாச்சு” என்று கையை எடுத்துவிட்டார். “இனி மெஷின் போட்டா மரியாதை இல்ல. காலைல நேரா அங்க வச்சுப் பாத்துக்கிடலாம்.”

என்னால் ஓர் ஒத்திகை போயிற்று.

மூன்றாம் நாள் பெருங்கடவிளை. ஓடு போட்ட ஒரு கூடத்துக்கு முன்னால் காலி இடம். வார்ப்பு என்கிற பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சங்கத்துத் தலைவி ஓமனா சேச்சி கையில் நீளக் கரண்டியோடு, பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி நின்றார். அதிகாரி இளைஞர், நல்லவர், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர். அங்கே பேச்செல்லாம் மலையாளம். கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

லீலா ஸ்விட்சைப் போட்டார். தோல் உரித்த கிழங்குகள் கூம்பில் இறங்கின. கீழே சீவல் பூவாகக் கொட்டியது. கூட்டத்தில் ஒரு ‘ஆ’ எழுந்தது. மேடம் கைதட்டினார். நானும் தட்டினேன், ஏதோ நான் செய்தது போல.

ஓமனா சேச்சி ஒரு கூடையை வார்ப்பில் கவிழ்த்து, சற்றுப் பொறுத்துக் கரண்டியால் அள்ளினார். சீவல் கரண்டியிலேயே குழைந்து, கூழாக வழிந்து விழுந்தது.

“இதை எப்படிம்மா காயவைக்க? பாயில் தேய்க்கவா?” என்றார். பின்னால் சில பெண்கள் சிரித்தார்கள்.

லீலா வார்ப்பின் பக்கம் வந்தார். ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மெலிசு. போனை எடுத்தார். ஸ்பீக்கரில் தங்கையனின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணா, மூணு ரூவா கனம்லா சொன்னேன்?”

“மூணு ரூவாதான் மக்கா வச்சுப் பாத்தேன். அந்தத் திருச்சி சாரும் பாத்தாரு.”

“எந்த ரூவா?”

“கையில கெடந்த ரூவா. இப்ப உள்ளது.”

“அய்யோ அண்ணா, நான் சொன்னது பழைய கட்டி ரூவாயில்லா. எனக்க பட்டறையில ஆணியில கெட்டிப் போட்டிருக்கது.”

பழைய ஒரு ரூபாய் தடி, புதியது மெலிசு. மூன்றை அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு காசு அளவுக்குக் கனம் குறைந்துபோகிறது. இரண்டு அடுக்குகளையும் கண்ணால் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் வெளிநாட்டவர். இன்னொருவர் பொருளாதாரம் நடத்துகிறவர்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “அரைமணி நேரம் இருக்கிறேன். பிறகு எனக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும்.”

பிளேடுக்கு அடியில், போல்ட்டுக்கு ஒன்றாக நான்கு தடித்த வாஷர் கொடுத்தால் இடைவெளி ஏறிவிடும். லீலாவின் பையில் இருந்தவை எல்லாம் காகிதம் போல மெலிசானவை. பக்கத்து ஹார்ட்வேர் கடைக்காரர் குளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வில்சன் சொன்னார், “காசுல ஓட்டை போட்டு வச்சா என்னக்கா? காசாலதானே கெட்டுச்சு.”

“நம்ம காசுல ஓட்டை போட்டா கேசாக்கும். அதுவும் ஆபீசர் முன்னால வச்சு.”

அதிகாரி அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

நான் மேடத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் முடிவதற்குள் அவர் கைப்பையைப் பெஞ்சில் கவிழ்த்துவிட்டார். சீப்பு, இருமல் மிட்டாய், நேற்று வாங்கிய வறுவல், அவற்றுக்கு நடுவே ஏழெட்டு நேப்பாள நாணயங்கள். “எங்கள் ஊரில் கடைக்காரர்கள் இதை வாங்குவதே இல்லை. மீதிச் சில்லறைக்கு மிட்டாய்தான் கொடுக்கிறார்கள். ஏதாவது ஒரு நாட்டில் இதற்கு வேலை இருந்தால் சந்தோஷம்” என்றார்.

லீலா ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்து, ஒரே கனத்தில் நான்கைப் பொறுக்கினார். “இது எந்த நாட்டுக் காசு?” என்று அதிகாரி கேட்டார். நேப்பாளம் என்றேன். “அப்படியானால் என் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லை” என்றார் நிம்மதியாக.

கை டிரில்லால் லீலா ஓட்டை போட்டார். முதல் காசு நழுவி ஓடி ஓமனா சேச்சியின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து நீட்டினார். நானும் உதவ முன்வந்தேன். “சாரு அங்க நில்லுங்க” என்றார் லீலா. நான் அங்கே நின்றேன். மூன்று நாளில் நான் இயந்திரத்துக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.

மறுபடி ஸ்விட்ச். இந்த முறை சீவல் தடதடவென்று விழுந்தது. வார்ப்பில் போட்டார்கள். ஓமனா சேச்சி வேண்டுமென்றே அதிக நேரம் விட்டார் என்று எனக்குத் தோன்றியது. லீலா சேலை முனையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். கரண்டி மேலே வந்தது. சீவல்கள் வெள்ளை வெளேரென்று, முனை மழுங்காமல் இருந்தன. சேச்சி ஒன்றை எடுத்து இரண்டாக வளைத்தார். உடையவில்லை.

“கம்பெனிக்காரன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார்” என்றார் அதிகாரியிடம். “எங்களுக்கு இது போதும். கெட்டுப்போனால் திட்டுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறாள்.”

லீலா சிரிக்கவில்லை. மோட்டாருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எதையோ முடுக்குவது போல வெகுநேரம் குனிந்திருந்தார். வில்சன் அவரை மற்றவர்கள் பார்க்காதபடி மறைப்பாக ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அதிகாரியின் படிவத்தில் ‘இயந்திரம் உருவான இடம்’ என்று ஒரு கட்டம், ஒரே ஒரு வரி எழுதுகிற அளவுக்கு. உடல் பாறசாலை, டிஸ்க் தமிழ்நாடு, உள்ளே நான்கு நேப்பாளம். அதிகாரி பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார். அண்டை நாடுகளின் கூட்டுப் படைப்பு என்று எழுதலாமே என்று நான் யோசனை சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், ‘பாறசாலையும் சுற்றுவட்டாரமும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொழிபெயர்த்ததும் மேடம் அந்தப் படிவத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். இமயமலை இவ்வளவு எளிதாக இதற்குமுன் எந்தத் தாலுகாவிலும் சேர்ந்ததில்லை என்றார்.

எல்லோருக்கும் கட்டன் சாயா வந்தது. கூட ரசவடை. நான் ஒரு சாக்கு மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்து, ஓமனா சேச்சியிடம் சற்று விரிவாகப் பேசினேன். தொழில்நுட்பம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், மூலப்பொருள் மட்டும் உங்கள் மண்ணிலேயே விளைகிறது பாருங்கள், அதுதான் இதன் அடித்தளம், அது இருக்கிறவரை இந்தத் தொழிலை யாராலும் அசைக்க முடியாது என்றேன். என் கட்டுரையின் முடிவுரையும் அதுவே. அது மனப்பாடமாக இருந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

சேச்சி முழுவதும் கேட்டார். சாயா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு விளங்க வேண்டுமே என்று தமிழிலேயே சொன்னார்.

“எங்க மண்ணிலயா? காட்டுப்பன்னி எறங்கத் தொடங்கினதுக்குப் பொறவு இங்க யாரும் மரச்சீனி நடுகதே இல்ல சாரே. இது களியக்காவிளைச் சந்தையில இருந்து வந்த லோடாக்கும். பேசி முடிச்சாச்சுன்னா கொஞ்சம் எந்திரிங்க, நீங்க இருக்க சாக்குலயும் உண்டு.”